புது லாரி வந்தாச்சு... ஏர் ஹாரனுக்கு முன்னால் என்ன வாங்கணும்?

சேலத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு சங்ககிரி என்றால் ஜன்னல் வழியே தெரியும் அந்த மலைக்கோட்டைதான். 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை. ஆனால் ஊர்க்காரர்களிடம் சங்ககிரி என்று சொன்னால், கோட்டைக்கு முன்னால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது லாரி. பட்டறை, டயர் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, புக்கிங் ஆபீஸ், எடை மேடை என்று 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தொழிலே குடியிருக்கிறது. பக்கத்தில் திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக் வண்டி. நாமக்கல் என்றால் டேங்கர், டிரெய்லர், பாடி கட்டும் பட்டறைகள். இந்த மூன்று ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால், தென்னிந்தியாவின் சரக்கில் கணிசமான பங்கு அந்த முக்கோணத்துக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தச் சாலையில் அடிக்கடி ஒரு காட்சியைப் பார்க்கலாம். பின்னால் வெறும் இரும்புச் சட்டம், சக்கரங்கள், டீசல் டேங்க். அதற்கு மேல் ஒன்றுமே இல்லாமல் ஓடிவரும் புது சேஸிஸ். முன்பெல்லாம் கேபின்கூட இருக்காது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருப்பார். இப்போது பெரும்பாலும் கம்பெனி கேபினோடு வருகிறது. ஆனாலும் அது பாதி வண்டிதான். மீதிப் பாதி இங்கே, பட்டறையில்தான் பிறக்கிறது.

அந்த மீதிப் பாதியில் என்னென்ன இருக்க வேண்டும்? வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி வாங்குகிறவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: படுக்கை, அடுப்பு, தண்ணீர், பேட்டரி, பிரேக், என்ன போடலாம், எதை விடலாம் என்று. அவர்கள் வருஷத்தில் சில வாரம் சுற்றுலா போகிறவர்கள். நம்ம ஊர் லைன் வண்டி டிரைவர் குஜராத்துக்கு ஒரு லோடு ஏற்றினால், திரும்பி வரும்வரை அவருக்கு அந்தக் கேபின்தான் வீடு. ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை என்றால் இன்னும் சில நாள் கூடுதல்.

அப்படிப்பட்ட வீட்டுக்குச் செலவு செய்யும்போது எங்கிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். பட்டறையில் வண்டி நிற்கும் நாள்களில் பேச்செல்லாம் பெயிண்ட், ஸ்டிக்கர், குலதெய்வத்தின் பெயர்ப் பலகை, கலர் லைட், பல ராகத்தில் பாடும் ஹாரன் என்றே ஓடும். தப்பில்லை. கடன் வாங்கி, நகையை வைத்து வாங்கிய வண்டி. அது அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. முன்னால் எழுதும் 'துணை'யும், சக்கரத்தில் நசுக்கும் எலுமிச்சையும் இந்த ஊர் வண்டிகளுக்கு உயிர். ஆனால், பல ராக ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளே அனுமதிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கி, மாட்டி, பிறகு செக்போஸ்ட்டில் அபராதமும் கட்டுவானேன்?

உரிமையாளர் தம்பி, "அண்ணா, ஹாரன் எந்த மாடல் போடட்டும்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர், "ஹாரன் கெடக்கட்டுங் தம்பி, படுக்கைக்கு மேல ஒரு ஃபேனைப் போட்டுக் குடுங்க" என்கிறார். இப்படியொரு பேச்சு பட்டறையிலேயே நடந்துவிட்டால் அந்த வண்டி கொடுத்துவைத்தது. பல இடங்களில் டிரைவரைக் கேட்பதே இல்லை. வண்டி ரெடியானதும் சாவியைக் கையில் கொடுப்பதோடு சரி.

தூங்க ஓர் இடம்

முதலில் படுக்கை. கம்பெனி கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். அதில் இருக்கும் மெல்லிய மெத்தையில் ஒரு வாரம் படுத்தால் முதுகு பேசும். நல்ல இலவம்பஞ்சு மெத்தையையோ, கெட்டியான ஃபோம் மெத்தையையோ கேபின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம். கழற்றித் துவைக்கும்படி உறை இருப்பது நல்லது. ஜன்னல் அளவுக்கு ஜிப் வைத்த கொசுவலை, முன் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் கெட்டித் துணித் திரை. பகலில் தூங்குகிறவருக்கு இருட்டு வேண்டுமே.

ஏ.சி. இருக்கிறதே என்று கேட்கலாம். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025-ல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், அந்த ஏ.சி. இன்ஜின் ஓடினால்தான் ஓடும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கும்போது அது வெறும் பொம்மை. டீசல் செலவுக்குப் பயந்து எந்த உரிமையாளரும் ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிடச் சொல்லப்போவதில்லை. ஆக, புது ஏ.சி. வண்டிக்கும் படுக்கைப் பக்கம் 24 வோல்ட் ஃபேன் தேவைதான். வசதி இருப்பவர்கள் வண்டி நிற்கும்போது பேட்டரியில் ஓடும் தனி ஏ.சி.யும் போடலாம். ஆனால், அதற்குத் தனிப் பேட்டரி ஏற்பாடு வேண்டும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நடுக்காட்டில் நிற்கக் கூடாது அல்லவா?

தூக்கத்தை இத்தனை பெரிதாகப் பேசக் காரணம் இருக்கிறது. நடுராத்திரி 2 மணிக்கு மேல் விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும் நேரம். அதைத் தேநீரும் புகையிலையும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுமே தவிர, விரட்டாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி. நீண்ட தூரப் பயணம் போன்றவற்றுக்கு 10 மணிவரை. 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் உள்ள கருவியே அதைப் பதிந்துவைக்கும். இங்கே சட்டம் இருக்கிறது, பதியும் கருவிதான் எல்லா வண்டியிலும் இல்லை. லோடு எப்போது இறக்க வேண்டும் என்று பார்ட்டி போனில் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, டிரைவருக்குக் கிடைக்கிற மூன்று மணி நேரத் தூக்கமாவது உருப்படியான தூக்கமாக இருக்க வேண்டும். மெத்தையும் ஃபேனும் கொசுவலையும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அவற்றை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் ஒரு மே மாத ராத்திரி விஜயவாடா பக்கம் லாரி கேபினில் படுத்துப் பார்க்கலாம்.

கிளீனர் இல்லாத வண்டிக்குக் கண் எது?

முன்பெல்லாம் லாரி என்றால் டிரைவர், கிளீனர் என்று இரண்டு பேர். இடது பக்கக் கதவில் தட்டிக்கொண்டு "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல பைக்கு... ரைட்!" என்று குரல் கொடுத்த பையன்கள் இன்று அந்த வேலைக்கு வருவதில்லை. சம்பளம் குறைவு, படிப்பு வந்துவிட்டது, வேறு வேலை கிடைக்கிறது. அவர்கள் நல்ல வழிக்குப் போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால், பல வண்டிகள் இப்போது ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. கிளீனரோடு போனது ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு ஜோடிக் கையும். புது வண்டிக்குச் சாமான் வாங்கும்போது இதைத்தான் முதலில் ஈடுகட்ட வேண்டும்.

உயரமான லாரி சீட்டிலிருந்து பார்த்தால் வண்டியின் இடது முன் மூலையில் நிற்கும் சைக்கிளோ, பம்பருக்குக் கீழே குனிந்து எதையோ எடுக்கும் குழந்தையோ தெரியாது. அந்தக் குருட்டு மூலைக்காக வளைந்த கண்ணாடி ஒன்று முன்பக்கம் கீழ்நோக்கி, இன்னொன்று இடது கதவுக்கு மேலே. கம்பெனியே கொடுத்திருந்தால் அதைச் சரியான கோணத்தில் வைத்துக்கொண்டால் போதும்; ஸ்டிக்கரையும் தொங்கட்டத்தையும் வைத்து மறைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் ஒரு கேமரா, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கும் அலாரம். கோடவுன்களில் லோடு இறக்கும் இடத்தில் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். கேமரா யாருக்காக என்றால் அவர்களுக்காகத்தான்.

அடுத்து கட்டை. சக்கரத்துக்குப் போடும் முக்கோணக் கட்டை. கேட்டால் சிரிப்பார்கள், ரோட்டில் கல்லா இல்லை என்று. அந்தக் கல்தான் பிரச்னை. பஞ்சரான லாரிக்குச் சக்கரத்தில் பெரிய கல்லை அண்டக்கொடுத்து, வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவது நம் சாலைகளில் சாதாரணம். பின்னால் இருட்டில் வரும் பைக்காரருக்கு அந்தக் கல் எமன். மரத்திலோ ரப்பரிலோ ஒரு ஜோடிக் கட்டையை, கயிறு கட்டி டூல் பாக்ஸிலேயே வைத்திருந்தால், கயிற்றை இழுத்து எடுத்துப்போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். தன் காசு கொடுத்து வாங்கிய பொருளை யாரும் ரோட்டில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

பிரேக்டவுன் ஆனதற்கு அடையாளமாகப் புளிய மரக் கிளையை ஒடித்துப் பின்னால் சொருகுவதும் அப்படித்தான். பகலில் சரி, ராத்திரியில் யார் கண்ணுக்குத் தெரியும்? ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு முக்கோணம் இரண்டு வாங்கி வைக்கலாம். அதை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தை லாரிக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்தால், பார்ப்பதற்குள் மோதல் முடிந்திருக்கும். 50 மீட்டர் தள்ளி வைத்தால் கிடைப்பது இரண்டே கால் நொடி. நூறு மீட்டர் என்றால் நாலரை நொடி. டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி ஓடிவிடும். அதனால் நான்கு வழிச் சாலையில் நூறு மீட்டருக்குக் குறையாமல், வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பாகவே ஒன்று. நடந்துபோய் வைக்கும்போது டிரைவர் போட்டுக்கொள்ள, பளபளக்கும் பட்டை தைத்த ஒரு மேல்சட்டை; ஒரு நல்ல டார்ச். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணைக் கேபினில் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

வண்டியைச் சுற்றி ஒட்டும் ஒளிரும் பட்டைகளும் இதே வகைதான். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எஃப்.சி.க்காக ஒட்டுகிற விஷயமாகவே பலர் இதை நினைக்கிறார்கள். சிமென்ட்டும் செம்மண்ணும் படிந்து ஒரு மாதத்தில் அது மங்கிவிடும். காலையில் கண்ணாடி துடைக்கும் அதே ஈரத்துணியால் பின்பக்கப் பட்டையையும் ஒரு துடை துடைத்தால் அதன் வேலையை அது செய்யும்.

பட்டறையில் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது

பாடி கட்டுவதில் இந்தப் பகுதித் தொழிலாளர்களின் கைப்பக்குவம் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேக்கும் வேங்கையும் வைத்துக் கட்டிய தச்சர்களின் இடத்தில் இன்று வெல்டர்கள். லாரி பாடிக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்பும் இருக்கிறது. உரிமையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு: பின்பக்கத் தடுப்புக் கம்பியும் பக்கவாட்டுத் தடுப்பும்.

பின்னால் மோதும் கார் லாரிக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளாமல் தடுப்பதற்குத்தான் அந்தக் கம்பி. காலி வண்டியில் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது சுமார் ஒன்றே முக்கால் அடி. குவாரிக்குள் போகும்போது இடிக்கிறது, மேட்டில் தட்டுகிறது என்று மேலே தூக்கி வைக்கச் சொல்வது உரிமையாளர்கள்தான். பட்டறைக்காரர் சொன்னதைச் செய்கிறார். உயரத்தில் இருக்கும் கம்பி, காரின் பானெட்டைத் தாண்டி நேராகக் கண்ணாடிக்கு வரும். மெல்லிய பைப்பைப் பெயருக்கு வெல்டு வைப்பதும் அதே கதை. பக்கவாட்டுத் தடுப்பு, சறுக்கி விழும் பைக்காரர் பின் சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிறது. இவை இரண்டும் லாரியைக் காப்பாற்றும் சாமான்கள் இல்லை. எதிராளியைக் காப்பாற்றுபவை. அதனால்தானோ என்னவோ, செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

வயரிங் வேலைக்கு வருவோம். இது பலருக்கும் தெரியாத, ஆனால் பாக்கெட்டைக் கடிக்கும் விஷயம். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், சில லைட்டுகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவசரத்துக்கு எலெக்ட்ரீஷியன் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார். அந்த ஒன்று மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒரே கரன்ட்தான் போகும் என்பதால், தீர்ந்தது நிரம்பாது. நிரம்பியது மேலும் மேலும் சூடாகும். கடைசியில் இரண்டும் போய்விடும், பழி பேட்டரி கம்பெனி மேல் விழும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கூடுதலாகப் போடும் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிட்டுப் போன வண்டிகளில்தான் கேபின் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். தீயணைப்பு சிலிண்டரை சீட்டுக்கு அடியில் சாக்குக்குள் போட்டுவைக்காமல், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டவும்.

கயிறு, தார்ப்பாய், ஆட்ப்ளூ

தார்ப்பாய் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சங்ககிரியிலேயே சிமென்ட் ஆலை இருக்கிறது. நனைந்த சிமென்ட் மூட்டையின் விலை என்ன என்று தெரிந்தவர்கள். நனைந்த சரக்கின் கணக்கு வாடகையில்தான் கழியும். ஒரு பெரிய தார்ப்பாயோடு, மேல் விரிக்க இரண்டாவதாக ஒன்று, கிழிசலுக்கு ஒட்டுத்துணி, கூடுதல் கயிறு. இரும்புச் சுருள், பைப், மெஷின் போன்றவற்றுக்குக் கயிறு போதாது. முறுக்கி இறுக்கும் ராட்செட் பெல்ட் அல்லது சங்கிலி வேண்டும். திடீர் பிரேக்கில் நகரும் பைப் கேபினைத் துளைத்துக்கொண்டு வரும். தார்ப்பாய் கட்ட டிரைவர் ஒற்றை ஆளாக லோடு மேல் ஏறுகிறார் என்பதையும் நினைவில் வைத்து, பாடியில் கால் வைக்கும் படியும் கைப்பிடியும் பட்டறையிலேயே வைக்கச் சொல்லலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஆட்ப்ளூ என்ற திரவம் தேவை. யூரியாவும் சுத்தத் தண்ணீரும் கலந்தது. அது தீர்ந்தால் இன்ஜின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். நல்ல கம்பெனி ஆட்ப்ளூ ஒரு கேன் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாததை ஊற்றினால் புகைக்குழாய் அமைப்பே கெட்டு, மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவாகும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், அதற்கு நீளமான பைப், டயர் கேஜ், ஏர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பல்புகள், ஃபியூஸ்கள் ஆகியவை எல்லோரும் வாங்குபவைதான். ஜாக்கியின் டன் அளவு லோடு வண்டிக்குப் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது, மரக்கட்டை அண்டக்கொடுத்த பிறகுதான்.

சமையல் பெட்டியும் வீட்டுக்காரம்மாவும்

வடக்கே போகும் வண்டியில் ரொட்டியும் பருப்பும் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் ரசம் சாதம் கேட்கும் நாக்கு. அதனால் இந்தப் பக்கத்து லாரிகளில் சமையல் பெட்டி இல்லாமல் வேலை ஆகாது. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இப்போது 5 கிலோ சின்ன சிலிண்டர். பாடிக்குக் கீழே இடதுபுறம் பூட்டு வைத்த தகரப் பெட்டி செய்து, அதன் கதவையே மடக்கி மேடையாக்கும்படி வைத்துக்கொண்டால் ரோட்டுப் பக்கம் நிற்காமல் சமைக்கலாம். தண்ணீருக்குக் குழாய் வைத்த டிரம் ஒன்று கீழே. குடிக்கத் தனிக் கேன். கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அடுப்பு பற்றவைக்கவே வேண்டாம். மூச்சு முட்டுவது தெரியாமலேயே ஆளைக் கொல்லும் புகை அது. பெட்ரோல், கேஸ் ஏற்றும் டேங்கர்களில் அடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தப் பெட்டியை நிரப்புவது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, ஊறுகாய், வத்தல். கூடவே இன்னொரு சின்ன டப்பாவும் வைக்கலாம்: பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலான மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், காயத்துக்குக் கட்டும் துணி. கேபின் கதவுக்கு உள்பக்கம் ஒரு சீட்டு: டிரைவர் பெயர், ரத்த வகை, வீட்டு போன் எண், தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். ஆளுக்கு மயக்கம் வந்து போன் லாக்காகிக் கிடக்கும்போது, அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வேற்றூர்க்காரர் வீட்டுக்குக் கூப்பிட முடியும்.

பேப்பர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் டிஜிலாக்கரில் வைத்துக் காட்டலாம், ஃபாஸ்டேகில் பணம் இருந்தால் சரி. இன்சூரன்ஸில் மட்டும் ஒரு நிமிடம் நிற்கலாம். பாலிசியோடு சேர்ந்து வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கானது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு அது கிடையாது. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி, சம்பள டிரைவருக்கான விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். டிரைவரைத் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுவதும் உரிமையாளரால் முடிகிற காரியம்தான். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

ஒரு புது ரேடியல் டயர் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். முக்கோணம், கட்டை, டார்ச், கொசுவலை, ஃபேன், கன்வெர்ட்டர், வளைந்த கண்ணாடி ஆகியவற்றை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு டயர் விலைக்குள் அடக்கிவிடலாம். லட்சக்கணக்கில் தவணை கட்டப்போகிற வண்டியில் இதற்கு மட்டும் பணம் இல்லை என்று சொல்வது நம்பும்படியாக இல்லை.

முதல் டிரிப்

பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, வண்டி கிளம்பியாச்சு. சேலம், ஓமலூர் தாண்டி தர்மபுரி நோக்கிப் போகும் வண்டி என்றால், தொப்பூர் மேடு ஏறுவதற்கு முன் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். புதிதாகச் சக்கரம் மாட்டிய வண்டியில் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகள் சற்றே தளர்ந்திருக்கும். எல்லாச் சக்கரத்தையும் ஒரு சுற்று முறுக்கிவிட்டு, இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போகலாம். டயரைத் தொட்டுப் பார்த்து சூடாக இருக்கிறது என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஓடும்போது சூடாவது இயல்பு, ஆறியதும் காற்று குறைவாகிவிடும்.

ஏறும்போது தொப்பூர் பெரிய தொல்லை தராது. திரும்பி வரும்போது, தர்மபுரிப் பக்கமிருந்து லோடோடு இறங்குகையில்தான் அந்த இறக்கம் தன் வேலையைக் காட்டும். அங்கே நடந்த விபத்துகளைப் பத்திரிகை படிக்கிற எல்லோரும் அறிவார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், டிரம் சூடேறி பிரேக் பிடிப்பே இல்லாமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். அந்த எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, போட்டால் உண்மையில் பிடிக்கிறதா என்பதை டெலிவரி எடுக்கும் நாளிலேயே, சங்ககிரி சமதளத்திலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.